நாய்க்கு ஒவ்வாத மிச்சத் தீனி

பெரம்பலூர்க் கடைத்தெருவில் மாட்டுத் தீவன மூட்டைகளுக்கு அருகிலேயே இன்று நாய்த் தீனிப் பைகளும் அடுக்கி வைக்கப்பட்டிருப்பதைக் காணலாம். அரியலூரிலும் ஜெயங்கொண்டத்திலும் இக்காட்சி புதிதன்று. சென்ற தலைமுறையில் நம் சிற்றூர்களில் நாய்க்கெனத் தனியே உணவு வாங்கியவர் இலர். கம்பங்கூழோ, சோளச் சோறோ, பழையதோ, வீட்டார் உண்டு மிஞ்சியது நாயின் தட்டுக்குச் சென்றது. அதுவும் உண்ணாமல் மிஞ்சினால் காக்கை பார்த்துக்கொள்ளும். மிச்சம் என்பது ஒரு சிக்கலாகவே தோன்றவில்லை.

கடைத் தீனி மேல்நாட்டில் பிறந்த வழக்கம். 1860-ஆம் ஆண்டையொட்டி ஜேம்ஸ் ஸ்ப்ராட் என்னும் அமெரிக்கர் இங்கிலாந்தில் இருந்தபோது, கப்பலிலிருந்து எறியப்பட்ட கெட்டி ரொட்டிகளைத் துறைமுகத்து நாய்கள் தின்பதைக் கண்டார் என்றும், அதிலிருந்தே நாய் ரொட்டி செய்யும் எண்ணம் அவருக்குப் பிறந்தது என்றும் சொல்வதுண்டு. ஆக, உலகின் முதல் நாய்த் தீனித் தொழிலும் மனிதர் எறிந்த மிச்சத்தைப் பார்த்தே தோன்றியது எனலாம்.

மாணவர்களே, அண்மையில் உங்களைப் போன்ற ஒரு கல்லூரி மாணவர் என்னிடம் ஒரு வினாவைக் கொண்டுவந்தார். அவர் வீட்டில் பத்துக் கிலோ எடையுள்ள நாய்த் தீனிப் பை ஒன்று வாங்கினார்கள். ஆயிரம் ரூபாய்க்கு மேற்பட்ட செலவு. மூன்றாம் நாளே நாய் வாந்தி எடுத்தது, வயிறும் கழிந்தது. பழையபடி சோறு போட்டதும் தேறிவிட்டது. பையில் முக்கால் பங்கு அப்படியே இருக்கிறது. "கழுநீர்த் தொட்டியில் கொட்டு, பசு குடிக்கட்டும்" என்கிறார் அப்பாயி. தெரு நாய்களுக்குப் போடலாம் என்கிறார் தந்தையார். "ஐயா, எதைச் செய்வது?" என்று கேட்டார் மாணவர்.

எங்கே கொட்டுவது என்பது இரண்டாவது வினா. நாய்க்கு அது ஏன் ஒவ்வவில்லை என்பதே முதல் வினா. முதலதற்கு விடை காணாமல் இரண்டாவதற்கு விடை சொல்லுதல், நோயறியாமல் மருந்து கொடுப்பதை ஒக்கும். "உங்கள் நாய்க்கு ஒவ்வவில்லை" என்னும் ஒரே சொற்றொடருக்குள் முற்றிலும் வேறான மூன்று நிலைமைகள் ஒளிந்திருக்கின்றன.

தீனி நல்லது, நாயும் நலமானது, மாற்றம் மட்டுமே திடீரென்று நிகழ்ந்தது என்பது ஒரு நிலைமை. நாயின் குடலில் வாழும் நுண்ணுயிர்கள் அது நாள்தோறும் உண்ணும் உணவுக்கேற்பப் பழகியிருக்கின்றன. சோறும் பாலும் உண்டு வளர்ந்த நாய்க்கு ஒரே நாளில் கொழுப்பும் புரதமும் செறிந்த உலர்தீனியைத் தட்டு நிறையக் கொடுத்தால் வயிறு முரண்டு செய்யாமல் என்ன செய்யும்? புதிய தீனியை முதலிரண்டு நாள் கால் பங்கு, அடுத்த இரண்டு நாள் அரைப் பங்கு என்று பழைய உணவுடன் கலந்து, ஏழு முதல் பத்து நாட்களுக்குள் முழுமையாக மாற்றுவதே முறை. அந்த மாணவர் வீட்டில் முதல் நாளே தட்டு நிறையப் போட்டிருந்தார்கள். அப்படியானால் அந்தப் பையில் குற்றமில்லை. வயிறு முற்றும் தேறியபின் அதே நாய்க்கே சிறிது சிறிதாகக் கொடுத்துப் பார்க்கலாம்.

இங்கே ஓர் எச்சரிக்கை. வாந்தியும் கழிச்சலும் கண்ட உடனே தீனியின்மீது பழி சுமத்துதல் எளிது. தடுப்பூசி போடாத குட்டியாயின் அது பார்வோ என்னும் நச்சுயிரி நோயாகவும் இருக்கலாம். 1978-ஆம் ஆண்டளவில் உலகெங்கும் பரவத் தொடங்கிய அந்நோய் சில நாட்களிலேயே குட்டியைக் கொன்றுவிடும். மலத்தில் குருதி தெரிந்தாலோ, குட்டி சோர்ந்து கிடந்தாலோ, தண்ணீர்கூடத் தங்காமல் வாந்தி வந்தாலோ, பையைப் பற்றிய ஆராய்ச்சியை நிறுத்திவிட்டுக் கால்நடை மருந்தகத்துக்கு ஓடவேண்டும்.

அந்த ஒரு நாய்க்கு மட்டும் ஒரு பொருள் ஆகாதிருத்தல் மற்றொரு நிலைமை. சில நாய்களுக்குக் கோழியிறைச்சி ஆகாது. சிலவற்றிற்கு மாட்டிறைச்சி, பால்பொருள் அல்லது கோதுமை ஆகாது. ஓயாத சொறியும் காதில் சீழும் இதன் அடையாளங்களாகும். பாலின் கதையும் ஏறத்தாழ இத்தகையதே. குட்டிப் பருவம் கடந்த பல நாய்களுக்குப் பாலிலுள்ள சர்க்கரையைச் செரிக்கும் ஆற்றல் குறைந்துவிடுகிறது. மாவுப்பொருளின் கதையோ நேர்மாறானது. ஓநாயைவிட நாய்க்கு மாவைச் செரிக்கும் மரபணுப் படிகள் மிகுதி என்பதை 2013-இல் சுவீடன் நாட்டு ஆய்வாளர்கள் கண்டறிந்தனர். மனிதனுடைய மிச்சத்தை உண்டு உண்டே நாய் நாயாயிற்று என்று இதற்குப் பொருள் கொள்ளலாம். நம் கூழுக்கும் சோற்றுக்கும் நாய்கள் பழகியதில் வியப்பில்லை. இந்த இரண்டாம் நிலைமையிலும் தீனி நல்ல தீனியே; வேறொரு நாய் அதை நலமாக உண்ணும்.

மூன்றாவதுதான் அஞ்சத்தக்கது. தீனியே கெட்டுப்போயிருத்தல். பையைத் திறந்து வைத்தால் அதிலுள்ள கொழுப்புக் காறிப்போகும். எண்ணெய்ச் சிக்கு வாடை வீசும். ஈரம் பட்டால் பூஞ்சணம் பிடிக்கும். உலர்தீனிகள் பலவற்றில் மக்காச்சோளம் சேர்கிறது. மக்காச்சோளத்தைப் பற்றிப் பெரம்பலூர் மாவட்டத்தாருக்கு நான் சொல்லவேண்டியதில்லை; பருத்தியும் சின்ன வெங்காயமும் போல அது இம்மண்ணின் முதன்மைப் பயிர். கதிரடித்த மணியைத் தார்ச்சாலையோரம் பரப்பிக் காயவைக்கையில் எதிர்பாராத மழை வந்துவிட்டால் உழவர் படும் பாட்டை நீங்கள் கண்டிருப்பீர்கள். ஈரம் உலராத மணியில் பச்சையும் மஞ்சளும் கலந்த ஒருவகைப் பூஞ்சணம் வளர்ந்து, அஃப்ளடாக்சின் என்னும் நஞ்சைச் சுரக்கிறது. இந்நஞ்சு கல்லீரலைத் தாக்குவது. வழக்கமான சமையல் வெப்பத்தில் இஃது அழிவதில்லை. பூஞ்சணத்தைத் துடைத்துவிட்டாலும் நஞ்சு தங்கிவிடும்.

இதனை உலகம் அறிந்த வரலாறு கவனிக்கத் தக்கது. 1960-இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட வான்கோழிகள் காரணம் தெரியாமல் மடிந்தன. பிரேசில் நாட்டிலிருந்து வந்த நிலக்கடலைப் பிண்ணாக்கே காரணமென்று பிறகு துப்பறிந்தார்கள். நம் நாட்டில் 1974-ஆம் ஆண்டின் இறுதி மாதங்களில் குஜராத்தின் பஞ்சமகால் பகுதியிலும் இராஜஸ்தானின் பான்ஸ்வாடா பகுதியிலும் பழங்குடி மக்களிடையே மஞ்சட்காமாலையும் வயிற்றில் நீர்கோத்தலும் பரவி நூற்றுவருக்கு மேற்பட்டோர் இறந்தனர். மழையில் நனைந்து பூஞ்சணம் பிடித்த மக்காச்சோளம் அவர்களுடைய உணவு. வறுமையால் அதனை எறிய அவர்களால் இயலவில்லை. அவ்வீடுகளின் உணவைப் பகிர்ந்துண்ட நாய்களும் அதே நோயால் வீழ்ந்தன. 2020-இன் இறுதியிலும் 2021-இன் தொடக்கத்திலும் அமெரிக்காவில் ஒரு நிறுவனத்தின் நாய்த் தீனியில் இந்நஞ்சு மிகுந்திருந்தமையால் நூற்றுக்கு மேற்பட்ட நாய்கள் இறந்ததாக அந்நாட்டு உணவு மருந்து நிர்வாகம் அறிவித்தது. ஆதலால், நன்றாக உண்டுவந்த நாய் திடீரென ஒரு பையின் தீனியைக் கண்டு முகத்தைத் திருப்பினால், அதனைச் செல்லமென்று எண்ணிக் கடிந்துகொள்ளாதீர்கள். முகர்ந்து பார்க்கும் திறனில் நாம் அதன் மாணாக்கர்கள். தீனியை உண்டபின் கண்ணும் ஈறும் மஞ்சளித்தாலோ, சிறுநீர் கருத்தாலோ அது கல்லீரலின் அறிகுறி, காலம் தாழ்த்தலாகாது.

இனி, அப்பாயியின் கழுநீர்த் தொட்டிக்கு வருவோம். அரிசி கழுவிய நீரும் வடித்த கஞ்சியும் காய்கறித் தோலும் வீணாகாமல் பாலாக மாறும் அந்த ஏற்பாட்டை நான் பெரிதும் மதிக்கிறேன். சிக்கனத்தை நமக்குக் கற்பித்த பள்ளிக்கூடம் அது. ஆயினும், மேற்சொன்ன மூன்று நிலைமைகளுள் எதுவாயினும் நாய்த் தீனி செல்லக்கூடாத இடம் ஒன்று உண்டென்றால், அஃது அந்தத் தொட்டியே ஆகும்.

காரணம் கேளுங்கள். பூஞ்சணம் பிடித்த தீனியைப் பசு உண்டால், நஞ்சின் ஒரு கூறு உருமாறி ஒரு நாளைக்குள்ளாகவே பாலில் இறங்கத் தொடங்கும். பசு வாடாமலிருக்கலாம், பாலும் வெள்ளையாகவே இருக்கும். அதைக் குடிப்பது வீட்டுக் குழந்தை. அல்லது கூட்டுறவுச் சங்கத்தின் வழியாக எங்கோ ஒரு நகரத்துக் குழந்தை. பாலில் இருக்கத்தகும் அளவு ஒரு கிலோவுக்கு 0.5 மைக்ரோகிராம் என்று நம் உணவுப் பாதுகாப்பு ஆணையம் வரையறுத்திருக்கிறது. எத்துணை நுண்ணிய அளவு என்பதை அறிவியல் மாணவர்கள் கணக்கிட்டுப் பார்க்கலாம்.

தீனி கெடாததாயினும் அதில் இறைச்சியும் எலும்புத் தூளும் கலந்திருக்கும். அசைபோடும் விலங்குக்கு அவற்றைக் கொடுத்ததன் விளைவை இங்கிலாந்து அனுபவித்தது. 1986-இல் அங்கே மாடுகள் தள்ளாடி விழும் ஒரு மூளை நோய் அடையாளங் காணப்பட்டது. செத்த மாடுகளின் இறைச்சி எலும்புத் தூளை உயிருள்ள மாடுகளுக்குத் தீவனமாக்கியதே அது பரவக் காரணம். 1,80,000-க்கு மேற்பட்ட மாடுகளில் நோய் உறுதி செய்யப்பட்டது. 1996-இல் அஃது மனிதரையும் தொற்றியது என்று அறிந்தபோது அந்நாடே நடுங்கியது. அங்கு 170-க்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். ஆகவேதான் பால், இறைச்சி ஆகியவற்றுக்காக வளர்க்கப்படும் விலங்குகளுக்கு இறைச்சி, எலும்புத் தூள் கலந்த தீவனம் கொடுத்தலாகாது என்று நம் உணவுப் பாதுகாப்பு ஆணையமும் 2019 டிசம்பரில் பணித்தது. கோழி, பன்றி, மீன் ஆகியவற்றுக்கு மட்டும் பின்னர் விலக்களித்தது. ஆடும் அசைபோடுவதே என்பதால் செந்துறைப் பக்கத்து வெள்ளாட்டுக்கும் இவ்விதி பொருந்தும். நாட்டுக்கோழிக்குக் கெடாத தீனியை ஊறவைத்துச் சிறிது தூவுவோரை நான் குறை கூறமாட்டேன். கெட்டதைத் தூவினாலோ, வான்கோழிக்கு நேர்ந்தது கோழிக்கும் நேரலாம்.

நாய்த் தீனியின் கழிவு வேறு விலங்குகளின் தொட்டிக்குச் சென்ற ஒரு பெரிய நிகழ்ச்சியும் உண்டு. 2007-இல் அமெரிக்காவில் நாய்களும் பூனைகளும் சிறுநீரகம் செயலிழந்து மடிந்தன. தீனியில் சேர்த்த கோதுமைப் புரதத்தில் மெலமின் என்னும் வேதிப்பொருளைக் கலந்து விற்றிருந்தார்கள். ஒரே நிறுவனம் ஆறு கோடிப் பொட்டலங்களைத் திரும்பப் பெற்றது. உண்மை வெளிப்படுவதற்கு முன்பே, தீனி ஆலைகளில் மிஞ்சிய துண்டுதுணுக்குகள் சிக்கனம் கருதிப் பன்றிப் பண்ணைகளுக்கும் கோழிப் பண்ணைகளுக்கும் விற்கப்பட்டிருந்தன. ஆறாயிரம் பன்றிகளையும் இரண்டு கோடிக் கோழிகளையும் விற்பனைக்கு விடாமல் தடுத்து வைத்து, மனிதர் உண்பதால் அஞ்சத்தக்க தீங்கு இல்லையென்று ஆராய்ந்து தெளிந்த பின்னரே விடுவித்தார்கள். மிச்சத்தை வீணாக்கலாகாது என்று நினைத்தவர்கள் கெட்ட எண்ணம் கொண்டவர்கள் அல்லர். அதில் என்ன இருந்தது என்று மட்டும் அவர்கள் கேட்கவில்லை.

கடைத் தீனியை விட்டு வீட்டு மிச்சத்துக்கு வருவோம். நாய்க்கு நாம் அன்புடன் ஊற்றும் சாம்பாரில் ஒரு வில்லங்கம் இருக்கிறது. செட்டிகுளம் வட்டாரத்துச் சின்ன வெங்காயம் ஊரெங்கும் பெயர் பெற்றது. அதில்லாத சாம்பாரைப் பெரம்பலூரில் சாம்பாரென்றே ஒப்புக்கொள்ளமாட்டார்கள். ஆனால், வெங்காயத்திலுள்ள கந்தகச் சேர்மங்கள் நாயின் குருதிச் சிவப்பணுக்களை உடைக்கின்றன. உடலெடையில் கிலோவுக்குப் பதினைந்து முதல் முப்பது கிராம் வெங்காயம் நாயின் குருதியைக் கெடுக்கப் போதும் என்பர். பத்துக் கிலோ நாய்க்கு நூற்றைம்பது கிராம். விருந்து நடந்த மறுநாள் குழம்புச் சட்டியின் அடியில் தேங்கும் வெங்காயம் அவ்வளவுக்குக் குறையாது. வேகவைத்தாலும் தீமை நீங்குவதில்லை. விளைவும் அன்றே தெரிவதில்லை. சில நாள் கழித்து நாய் சோர்ந்து, ஈறு வெளுத்து, சிறுநீர் பழுப்பாகும்போது, அதற்கும் சென்ற வார விருந்துக்கும் தொடர்பிருக்குமென்று யார் நினைப்பார்?

மாடும் வெங்காயத்துக்குத் தப்பியதன்று. சொல்லப்போனால் ஆட்டைவிட மாடே எளிதில் பாதிக்கப்படும். விலை வீழ்ந்த காலத்தில் கழித்துப் போட்ட வெங்காயத்தை மாட்டின் முன் குவிப்போர் இதை நினைவிற் கொள்ளவேண்டும். மிஞ்சிய சோற்றையும் பொங்கலையும் மிகுதியாகத் தின்ற மாட்டுக்கு வயிற்றில் புளிப்பேறி உயிருக்கே ஆபத்தாவது, மாட்டுப் பொங்கலை அடுத்த நாட்களில் கால்நடை மருத்துவர்கள் காணும் காட்சி. வெங்காயம் கலந்த மிச்சமும் சாக்லேட்டும் உலர்திராட்சையும் நாய்க்கும் ஆகா, மாட்டுக்கும் வேண்டா. அவை எருக்குழிக்கு உரியவை. மண்ணுக்கு அவற்றால் தீங்கில்லை.

தந்தையார் சொன்ன தெருநாய் யோசனையில் ஈரம் இருக்கிறது. அதனை மறுக்க எனக்கு மனமில்லை. ஆனால், ஒரு நாயின் வயிற்றைக் கழியச் செய்த தீனியைக் காரணம் அறியாமல் பத்து நாய்களின் முன் கொட்டுவது இரக்கமாகாது. அவற்றை மருந்தகத்துக்குக் கொண்டுசெல்ல வீட்டுக்காரர் எவருமில்லை. குவித்துக் கொட்டிய இடத்தில் நாய்கள் கூடிச் சண்டையிடும்; பள்ளிக்குச் செல்லும் சிறுவர் அவ்வழியே நடக்கவேண்டும். வெறிநோய் இன்னும் நம்மை விட்டு நீங்கவில்லை. 2023-இல் மைய அரசு வெளியிட்ட விலங்குப் பிறப்புக் கட்டுப்பாட்டு விதிகள், குழந்தைகள் விளையாடும் இடத்துக்கும் வீட்டு வாயிலுக்கும் அப்பால் உணவிடும் இடத்தைக் குறிக்கச் சொல்கின்றன. உச்ச நீதிமன்றமும் 2025 ஆகஸ்டு 22 அன்று, தெருவில் கண்டபடி உணவிடாமல் அதற்கென ஒதுக்கிய இடத்திலேயே இடவேண்டுமென்று ஆணையிட்டது.

நல்ல தீனியாயின் அதற்கு நல்ல வழிகள் உண்டு. அத்தீனியையே ஏற்கெனவே உண்டு பழகிய நாய் வளர்க்கும் வீட்டைத் தேடிக் கொடுப்பது மிகச் சிறந்தது. அந்நாய்க்கு மாற்றமே இல்லை. கொடுக்கும்போது தீனியை வேறு பைக்கு மாற்றாமல், காலாவதி நாளும் தயாரிப்புத் தொகுதி எண்ணும் அச்சிட்ட அசல் பையோடு கொடுங்கள். உங்கள் நாய்க்கு என்ன நேர்ந்தது என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள். வாங்கலாமா வேண்டாமா என்று அவர்கள் முடிவு செய்துகொள்வார்கள். விலங்குக் காப்பகத்துக்குக் கொடுப்பதானாலும் இதுவே முறை. பையைத் திறந்து நெடுநாளாகியிருந்தால் கொடுப்பதைக் காட்டிலும் கழிப்பதே நன்று. பத்துக் கிலோ பையை விலை மலிவென்று வாங்கிச் சிறு நாய்க்கு மூன்று மாதம் போடுவதில் என்ன மலிவு இருக்கிறதென்று எனக்கு விளங்கவில்லை. புதிய தீனியாயின் முதலில் மிகச் சிறிய பொட்டலமே வாங்கவேண்டும்.

காறிய தீனியையும் பூஞ்சணத் தீனியையும் எருக்குழியின் மேற்பரப்பில் வீசாதீர்கள். கோழி கிளறும், நாயே திரும்பிப் போய்த் தின்னும். ஏரியிலும் குளத்திலும் கொட்டினால் அழுகி நீரிலுள்ள உயிர்வளியைத் தின்றுவிடும். மீன் செத்து மிதக்கும். வயலின் மூலையில், கிணற்றுக்கு விலகி, இரண்டடிக்குக் குறையாத குழி வெட்டி, மண்ணோடு கலந்து, மேலே நன்றாக மிதித்து மூடுங்கள். நகரத்தில் இருப்போர் இறுகக் கட்டிய பையில் இட்டு, கெட்ட தீனி என்று சொல்லி நகராட்சிப் பணியாளரிடம் கொடுக்கலாம். புதைக்குமுன் ஒரு கைப்பிடித் தீனியை மூடிய புட்டியில் எடுத்து வையுங்கள், பையையும் எறியாதீர்கள். நாய் நோயுற்று மருத்துவரிடம் செல்ல நேர்ந்தால் அவர் முதலில் கேட்கப்போவது அவ்விரண்டையுந்தான்; விற்ற கடைக்காரரிடம் முறையிடவும் அந்தத் தொகுதி எண் இல்லாமல் இயலாது.

அந்த மாணவர் வீட்டுக்குச் சென்று பையை முகர்ந்து பார்த்தார். காறல் இல்லை, பூஞ்சணம் இல்லை, காலாவதி நாளுக்கு இன்னும் ஏழு மாதம் இருந்தது. பையை மடித்துக் கட்டி, மூடியுள்ள தகரப் பெட்டிக்குள் வைத்துவிட்டு, ஒரு வாரம் கழித்து, சோற்றோடு ஒரு பிடி கலந்து கொடுத்திருக்கிறார். நாய் உண்டது. இரண்டாம் வாரம் பாதிக்குப் பாதியானபோது பழையபடி வயிறு சற்றே இளகவே, அளவைக் குறைத்துக் கால் பங்கிலேயே நிறுத்திக்கொண்டதாக எனக்குச் சொன்னார். கழுநீர்த் தொட்டியில் வழக்கம்போல் கஞ்சியும் தவிடுமே விழுகின்றன.